புதுச் செயினும் தேய்ந்த பல்லும்

அனுப்பர்பாளையத்தில் நிட்டிங் மிஷின் ஓடுகிற எந்தச் சந்துக்குள் போய் "ஃபிட்டர் இசக்கிமுத்து வீடு எது?" என்று கேட்டாலும் வழி காட்டுவார்கள். அதோடு விடமாட்டார்கள். அவருடைய காதைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லி அனுப்புவார்கள். வாசலில் நின்று சத்தத்தைக் கேட்டே உள்ளே மிஷினில் எந்தப் பக்கம் ஊசி உடைந்திருக்கிறது என்று சொல்லிவிடுவாராம். இதில் பாதி உண்மை. மீதிப் பாதியை இசக்கிமுத்து மறுத்துப் பேசியதில்லை. புகழ் தானாக வந்து திண்ணென்று மடியில் உட்காரும்போது எழுந்து போ என்று சொல்ல அவர் என்ன சாமியாரா?

சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். மிஷினைத் துடைக்கிற வேலையில் சேர்ந்து, பார்த்துப் பார்த்தே தொழில் பழகி, இப்போது மகுடேஸ்வரன் என்கிற முதலாளியின் கம்பெனியில் தலைமை ஃபிட்டர். அங்கே அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. துணியில் கோடு விழுந்தால் முதலாளி கேட்கிற முதல் கேள்வியே, "இசக்கி என்ன சொல்றாருங்க?" என்பதுதான்.

இசக்கி சொல்வது பெரும்பாலும் ஒன்றேதான். "ஊசி ஃபுல் செட்டா மாத்திருவோம் மொதலாளி. ஒண்ணு ரெண்டு மாத்துனா நாளைக்கே அடுத்தது போவும்." சில நேரம் அது மெய். பல நேரம் உடைந்த ஊசிகளை மட்டும் மாற்றினாலே மிஷின் நன்றாக ஓடும். ஆனால் நாலைந்து ஊசி விற்றால் ஊசிக் கடைக்காரர் ஃபிட்டரைக் கவனிக்கமாட்டார். முழுச் செட் விற்றால் கவனிப்பார். இசக்கிமுத்து இதைத் திருட்டு என்று என்றைக்கும் நினைத்ததில்லை. டீச் செலவு என்று பெயர் வைத்திருந்தார். பெயர் நல்லதாக இருந்தால் பாதிக் குற்றம் போய்விடும் போல.

வீட்டில் அவர் வாக்குக்கு இதைவிட மதிப்பு. மனைவி சின்னத்தாய் மிக்ஸி கெட்டாலும் அவரைத்தான் கூப்பிடுவாள், மேகம் கறுத்தாலும் மழை வருமா என்று அவரைத்தான் கேட்பாள். மகள் வேல்விழியோ அப்பா சொன்னதை வேதமாக எடுத்துக்கொள்கிற பெண். கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். இங்கேயே பிறந்து வளர்ந்ததால் பெற்ற தகப்பனையே "என்னங்கப்பா, வாங்கப்பா" என்றுதான் பேசுவாள். "நம்ம ஊர்ல மாமியார்ட்டகூட இம்புட்டு மரியாத கெடையாது" என்று சின்னத்தாய் கேலி செய்வாள்.

வேல்விழிக்குச் சைக்கிள் பித்து. சாதாரணச் சைக்கிள் இல்லை, தடித்த டயரும் பல கியரும் வைத்த மலைச் சைக்கிள். விடிந்தும் விடியாமலும் கிளம்பி, பொங்கலூர்ப் பக்கத்து மண்தடங்களில் ஏறி இறங்கிவிட்டு, புழுதியும் சிரிப்புமாகத் திரும்பி வருவாள். மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கிற போட்டி மடத்துக்குளத்துக்குத் தெற்கே ஒரு கரட்டுக் குன்றைச் சுற்றி நடக்கப்போகிறது. போன வருஷம் ஒரே ஒரு இடம் பின்தங்கியதால் வாய்ப்புத் தவறியது. வயசுக் கணக்குப்படி அவளுக்கு இதுதான் கடைசித் தடவை. இந்தத் தடவை கிடைத்தால் மாநிலப் போட்டி. கிடைக்காவிட்டால் சைக்கிளை மூலையில் சாத்திவிட்டு வேலை தேடவேண்டியதுதான். வீட்டில் இது எல்லோருக்கும் தெரியும். சின்னத்தாய் சொந்த ஊர் அம்மனுக்கு நேர்ந்துகூட வைத்திருந்தாள்.

போட்டிக்கு முந்தின வாரம் வேல்விழி சைக்கிள் செயினைத் தூக்கிக் காட்டினாள். தொளதொளவென்று தொங்கியது.

"அப்பா, செயின் ரொம்ப நீண்டுபோச்சுங்க. மாத்தீரலாமுங்களா?"

"இதுக்குப் போயி ஏம்ட்டி மூஞ்சியத் தூக்கிட்டு நிக்க? செயின் வாங்கிட்டு வாரேன். நானே மாட்டித் தாரேன்."

சைக்கிள் கடை வைத்திருக்கிற ஆறுச்சாமி அந்தப் பகுதியில் கியர் சைக்கிளுக்குப் பேர்போனவர். சட்டையில் கிரீஸ் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. இசக்கிமுத்து கொண்டுபோயிருந்த பழைய செயினை வாங்கி, ஒரு அளவுக் கம்பியை அதன் கண்ணிக்குள் விட்டுப் பார்த்தார். கம்பி முழுசாக உள்ளே போய்விட்டது.

"ஏனுங்க ஃபிட்டரே, செயின் இத்தன தேஞ்சிருந்தா பின்னால பல்லும் தேஞ்சிருக்குமுங்க. ஃப்ரீவீலையும் சேத்தே மாத்தீருங்க. புதுச் செயின் பழைய பல்லுல நிக்காதுங்க."

ஃப்ரீவீல் என்பது பின்சக்கரத்தில் அடுக்கடுக்காக இருக்கிற பல்சக்கரக் கொத்து. சேர்த்தே மாற்றிவிடுங்கள் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் இசக்கிமுத்துவுக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. இந்த ராகம் அவருக்குத் தெரியாததா? ஒன்றைக் கேட்டு வந்தவன் தலையில் முழுச் செட்டையும் கட்டுகிற வித்தையில் அவரே வாத்தியார். பாம்பின் கால் பாம்பறியும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார். எதிரே இருந்தது பாம்பே இல்லை என்கிற சாத்தியம் அவருக்குத் தோன்றவே இல்லை.

"அண்ணாச்சி, நானும் மிஷின்லதான் கெடக்கேன். செயின மட்டும் குடுங்க. பல்லெல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றார், கண்ணைச் சிமிட்டாத குறையாக.

ஆறுச்சாமி வற்புறுத்தவில்லை. "சரீங்க. எதுக்கும் மேடு ஏறிப் பாத்துக்குங்க. எகிறுச்சுன்னா கொண்டாங்க" என்று செயினைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து வந்து இசக்கிமுத்து செயினை மாட்டினார். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து பெடலைக் கையால் சுற்றினார். பட்டு மாதிரி ஓடியது. கம்பெனியிலிருந்து கொண்டுவந்த ஊசி ஆயிலை நாலு சொட்டு விட்டார். இன்னும் நன்றாக ஓடியது. சின்னத்தாயைக் கூப்பிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்கச் சொன்னார். அவளுக்கு என்ன கேட்டதோ, தலையை மட்டும் ஆட்டினாள்.

மறுநாள் காலையில் வேல்விழி பாலத்து மேட்டில் எழுந்து நின்று மிதித்தபோது டக்கென்று ஒரு சத்தம். பெடல் காலுக்கடியில் வெறுமனே வழுக்கி இறங்கியது. கொஞ்ச தூரத்தில் மறுபடியும் டக். வீட்டுக்கு வந்து சொன்னாள்.

இசக்கிமுத்து கியர் ஒயரை இறுக்கினார். சத்தம் போகவில்லை. தளர்த்தினார். போகவில்லை. செயினில் எங்கேயாவது ஒரு கண்ணி மடங்காமல் முரண்டு பிடிக்கிறதோ என்று ஒவ்வொன்றாக நெளித்துப் பார்த்தார். எல்லாம் ஒழுங்காக மடங்கின. கியர் மாற்றுகிற இரும்புக் கை வளைந்திருக்கிறதோ என்று கண்ணை இடுக்கிப் பார்த்தார். நேராக இருந்தது. கையால் சுற்றினால் சத்தமே இல்லை. ஆள் ஏறி மிதித்தால்தான் எகிறுகிறது. எந்த நேரமும் எகிறுவதும் இல்லை. அவள் மேட்டுக்கு வழக்கமாகப் போடுகிற இரண்டு கியரில் மட்டும்தான். இவ்வளவு தெளிவாக ஒரு மிஷின் தன் நோயைச் சொன்ன பிறகும் அந்தப் புகழ்பெற்ற காதுக்கு அது ஏறவில்லை. ஏறவில்லை என்பதுகூடச் சரியில்லை. ஆறுச்சாமி சொன்னது ஒரு தரம் நினைவுக்கு வந்தது. வந்ததை அவரே தள்ளிவிட்டார். இப்போது போய் நின்றால் அந்த ஆள் உள்ளுக்குள் சிரிப்பானே என்று ரோஷம்.

"ஒண்ணுமில்லட்டி. புது ஊசி போட்டாலும் மொதல்ல இப்படித்தான் முரண்டு பிடிக்கும். ஓட ஓடச் சரியாயிரும்."

"ஆறுச்சாமி அண்ணன்கிட்ட ஒரு எட்டுக் காட்டீட்டு வந்தர்லாமுங்களா?"

"நான் சொல்லுதேன்ல?"

அப்பா சொல்லிவிட்டார். வேல்விழி சைக்கிளை உள்ளே தள்ளிக்கொண்டு போனாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை. துணி ரோல் ஏற்றுகிற கம்பெனி டாடா ஏஸை முதலாளியிடம் கேட்டு வாங்கி, சைக்கிளை ஏற்றிக்கொண்டு மடத்துக்குளம் போனார்கள். கரட்டடியில் கொடி கட்டியிருந்தார்கள். முதல் சுற்றில் வேல்விழி முன்வரிசையில் இருந்தாள். இசக்கிமுத்து பக்கத்தில் நின்றவர்களிடம், "எம்மவதான், சைக்கிள் நான்தான் ரெடி பண்ணேன்" என்று கேட்காமலேயே சொல்லிக்கொண்டிருந்தார்.

இரண்டாவது சுற்றில் செங்குத்தான மேடு. அவள் எழுந்து நின்று முழு பலத்தையும் காலில் கொடுத்தாள். டக். பெடல் நழுவி, முட்டி ஹேண்டில்பாரில் மோதி, சைக்கிளோடு பக்கவாட்டில் சாய்ந்தாள். எழுந்தாள். ஏறினாள். மறுபடியும் டக். அதற்குப் பிறகு எழுந்து மிதிக்கப் பயந்து, மேடு வரும்போதெல்லாம் இறங்கித் தள்ளிக்கொண்டே ஓடினாள். மற்ற பெண்கள் ஒவ்வொருவராக அவளைத் தாண்டிப் போனார்கள். தாண்டியவர்களில் சிலர் அவளைவிட வேகமில்லாதவர்கள் என்று இசக்கிமுத்துவுக்கே தெரிந்தது. பாதியில் விடாமல் கடைசிச் சுற்றுவரைக்கும் முடித்துவிட்டு வந்து, முட்டியில் ரத்தத்தோடு அப்பா முன்னால் நின்று, "சரியாவலீங்கப்பா" என்றாள். குறை சொல்வதுபோலக்கூடச் சொல்லவில்லை.

அவள் திட்டியிருந்தால் இசக்கிமுத்து தாங்கிக்கொண்டிருப்பார். திட்டாததால் யாரையாவது திட்டவேண்டும் என்று அவருக்கு வந்தது. "அந்த ஆளு டூப்ளிகேட் செயினத் தலையில கட்டிட்டாம்ட்டி. இன்னைக்கு அவனை உண்டு இல்லைன்னு பண்ணிருதேன்" என்று வண்டியை எடுத்தார். வழி முழுக்க அதையே சொல்லிக்கொண்டு வந்தார். சொல்லச் சொல்ல அவருக்கே அது நிஜம் போல ஆகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமைதான் ஆறுச்சாமி கடையில் கூட்டம். கம்பெனி லீவு என்பதால் வடக்கத்திப் பையன்கள் பஞ்சர் போட வந்திருந்தார்கள். பாத்திரப் பட்டறையில் பாலீஷ் வேலை பார்க்கிற மருதாள் என்கிற அம்மா, கூட வந்திருந்த மகனுடைய சைக்கிளுக்கு ஒரு செயினைக் கையில் எடுத்து வைத்திருந்தார். அந்தக் கூட்டத்துக்கு நடுவில் சைக்கிளை இறக்கிப் போட்டு இசக்கிமுத்து கத்தினார்.

"போலிச் செயினக் குடுத்து எம்புள்ள வாழ்க்கையையே கெடுத்துட்டீரே! இது ஒரு கடையா? எல்லாரும் கேட்டுக்கோங்க, இந்த ஆளு விக்கிறதெல்லாம் டூப்ளிகேட்டு!"

இசக்கிமுத்து சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்பது அந்தத் தெருவுக்கும் தெரியும். மருதாள் கையிலிருந்த செயினை மெதுவாக மேஜையிலேயே திரும்ப வைத்துவிட்டார்.

ஆறுச்சாமி முகம் கறுத்தது. ஆனாலும் குரல் ஏறவில்லை. "புள்ளைக்கு முட்டியில ரத்தம் வருதுங்க, மொதல்ல உக்காரச் சொல்லுங்க" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார். பிறகு சைக்கிளை ஸ்டாண்டில் தூக்கி மாட்டினார். வேல்விழி போடுகிற கியருக்குச் செயினைக் கொண்டுவந்து, பின்பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு பெடலை ஓங்கி அமுக்கினார். டக். எல்லோருக்கும் கேட்டது.

"பாத்தீங்களா!" என்றார் இசக்கிமுத்து.

ஆறுச்சாமி அவள் அதிகம் போடாத ஒரு கியருக்கு மாற்றி அதேபோல் அமுக்கினார். சத்தமில்லை. அப்புறம் பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, கடையில் தொங்கிய புதுச் சைக்கிளின் சக்கரத்தை எடுத்து அதே செயினில் மாட்டினார். பழைய கியருக்கே கொண்டுவந்து, பிரேக்கைப் பிடித்து, தன் முழுப் பாரத்தையும் பெடல்மேல் போட்டார். செயின் பல்லைக் கவ்விக்கொண்டு அசையாமல் நின்றது. இன்னொரு தரம் அமுக்கினார். நின்றது.

"செயின் அதேதானுங்க" என்றார். கழற்றிய சக்கரத்தை வெளிச்சத்தில் திருப்பினார். இரண்டு வட்டத்தில் மட்டும் பற்கள் ஒருபக்கமாகத் தேய்ந்து, கூராகி, முள் மாதிரி சாய்ந்து கிடந்தன. "இது பழைய செயினோட ஒண்ணாத் தேஞ்ச பல்லுங்க. அதோட ஒத்துப் போயிருந்துச்சு. புதுசு வந்தா எகிறத்தான் செய்யுமுங்க."

இசக்கிமுத்து பார்த்தார். பார்த்த உடனே புரிந்தது. கோபம் போன இடத்தில் காலடியிலிருந்து ஒரு சூடு ஏறி காதுவரைக்கும் வந்தது.

வேல்விழி ஸ்டூலிலிருந்து எழுந்து வந்து பல்லைத் தொட்டுப் பார்த்தாள். "அண்ணா, செயின் வாங்கறப்பவே இதயும் மாத்தோணும்னு உங்களுக்குத் தெரியாதுங்களா?"

ஆறுச்சாமி நிமிர்ந்து ஒரு தரம் இசக்கிமுத்துவைப் பார்த்தார். பிறகு கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். பெற்ற பிள்ளை முன்னால் தகப்பனைத் தலைகுனிய வைக்கக்கூடாது என்பது அவர் கட்சி.

"சொல்லியிருக்கோணுங்க கண்ணு. கூட்டத்துல மறந்துட்டனாட்ட இருக்குது. எம்பேர்லதான் தப்பு."

அவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்த அழுகை வேல்விழிக்கு அப்போதுதான் வந்தது. "ஒரு வார்த்தைங்கண்ணா. நீங்க ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் இன்னைக்கு செலக்ட் ஆயிருப்பேன். இனி எனக்குச் சான்ஸே இல்லீங்க." ஆறுச்சாமி தலையைக் குனிந்துகொண்டு அதை வாங்கிக்கொண்டார்.

இசக்கிமுத்து பேசாமல் இருந்திருக்கலாம். யாரும் கேட்கவில்லை. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்திருக்கலாம். அந்த ஆசை ஒரு கணம் அவருக்கு வந்தது. அப்படி ஆசை வந்ததே அவருக்குக் கூச்சமாக இருந்தது. தன் பிள்ளை ஒரு யோக்கியனைத் திட்டி அழுகிறது, அந்த யோக்கியன் தனக்காகப் பேச்சு வாங்குகிறான், தான் மரம் மாதிரி நிற்கிறோம். செத்துப்போகலாம் போல இருந்தது.

"அவர் சொன்னாரும்மா" என்றார். "அன்னைக்கே சொன்னாரு. பல்லையும் மாத்தணும்னு. மேடு ஏறிப் பாத்து, எகிறுனா கொண்டாங்கன்னும் சொன்னாரு. நான்தான் கேக்கல."

வேல்விழி கண்ணைத் துடைத்தாள். "ஏங்கப்பா கேக்கல?"

இதற்குப் பொய் சொல்ல எத்தனையோ வழி இருந்தது. மறந்துவிட்டேன் என்றால் போதும். ஆனால் பொய் சொல்லிச் சொல்லி அலுத்துப்போன நாள் அது.

"ஏமாத்துதாருன்னு நெனச்சேன். ஒண்ணக் கேட்டா முழுசையும் மாத்தச் சொல்லி... கமிஷனுக்குத்தான் சொல்லுதாருன்னு."

"அவரு எதுக்குங்கப்பா அப்படிச் செய்யப்போறாரு?"

"நான் செய்வேன்லட்டி." சொல்லிவிட்டு அவர் தரையைப் பார்த்தார். "கம்பெனியில நான் அப்படித்தான் செய்யுதேன். நல்ல ஊசியையும் சேத்து மாத்தச் சொல்லுவேன். அதுக்குக் கடைக்காரன் தருவான். அதான் இவரும் அப்படித்தான்னு..."

பஞ்சருக்குக் காத்திருந்த பையன்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களுக்குப் பேச்சு புரிந்ததோ இல்லையோ, முகம் புரிந்தது. ஆறுச்சாமி மட்டும், "விடுங்க ஃபிட்டரே, விடுங்க சாமி" என்று முணுமுணுத்தார்.

வேல்விழி ஸ்டாண்டில் நின்ற சைக்கிளைப் பார்த்தாள். அவள் கை சைக்கிள் சீட்டின்மேல் இருந்தது.

"இந்தச் சைக்கிளு, அந்தக் காசுங்களாப்பா?"

இசக்கிமுத்து இல்லை என்று சொல்ல வாயெடுத்தார். வரவில்லை. அவள் சீட்டிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். ஆறுச்சாமியிடம் திரும்பி, "நான் பேசுனது தப்புங்கண்ணா" என்றாள். வண்டியில் ஏறவில்லை. நொண்டிக்கொண்டே பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தாள். பின்னாலேயே ஓடலாமா என்று இரண்டு எட்டு வைத்தவருக்கு, ஓடிப் போய் என்ன சொல்வது என்று தெரியவில்லை. நின்றுவிட்டார்.

கடைக்காரனுக்குச் செய்ததையாவது சரிக்கட்டலாம் என்று தோன்றியது. திரும்பி வந்தார். மருதாள் திரும்ப வைத்த செயின் மேஜையில் அப்படியே கிடந்தது. அந்த அம்மா மகனைக் கூட்டிக்கொண்டு கிளம்பத் தயாராக இருந்தார். இசக்கிமுத்து செயினை எடுத்து இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினார்.

"அம்மா, நான் சொன்னதெல்லாம் பொய்யி. இது நல்ல செயினு. இவரு நல்ல மனுசன். தைரியமா வாங்கிட்டுப் போங்க, நான் சொல்லுதேன்."

மருதாள் செயினைப் பார்த்தார், அவர் முகத்தைப் பார்த்தார்.

"ஏனுங்க, இதை நான் வாங்குனா உங்களுக்கு எத்தன குடுப்பாருங்க?" என்றார்.

நக்கலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.